நிலக்கரியும் நிலைத்த அமைதியும்

ஓர் ஏரியின் நீரை இரண்டு சிற்றூர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மழை பொய்த்த ஆண்டில் மடையருகே பூசல் மூளுகின்றது. வாய்ச்சண்டை கைகலப்பாகின்றது, தடிகள் ஓங்கப்படுகின்றன, சிலருக்கு மண்டை உடைகின்றது. ஊர்ப் பெரியவர்கள் கூடுகின்றனர். இனிச் சண்டையிடுவதில்லை என்று இரு ஊராரிடமும் உறுதி வாங்குகின்றனர். அவ்வுறுதி அடுத்த கோடை வரையில்தான் நிற்கும். ஏரியில் நீர் குறையக் குறைய உறுதியும் குறைந்துவிடும். இதனை உணர்ந்த நம் முன்னோர் பல ஊர்களில் வேறொரு வழி கண்டனர். இன்ன நாளில் இன்ன வயலுக்கு இத்தனை நாழிகை நீர் என்று முறை வகுத்தனர். மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்க்கட்டி என்னும் பொது ஆளை அமர்த்தினர். அறுவடை ஆனதும் இரு திறத்தாரும் அவனுக்கு நெல் அளந்தனர். எவ்வளவு வலியவனாயினும் தன் முறை வரும் வரை காத்திருத்தல் வேண்டும். நல்லெண்ணத்தால் அடங்காத பூசல் நல்ல ஏற்பாட்டால் அடங்கியது.

நாடுகளின் வாழ்வும் இத்தகையதே. போரை நிறுத்துதல் வேறு. அமைதியைக் கட்டுதல் வேறு. முன்னது ஒரு நாளில் முடியும் செயல். பின்னது நாள்தோறும் செய்ய வேண்டிய தொழில். நாள்தோறும் செய்ய வேண்டிய தொழிலுக்கு வெறும் உடன்படிக்கை போதாது; அதற்கென ஓர் அமைப்பு வேண்டும். அவ்வமைப்பும் தோற்றவனை மட்டும் கட்டிப்போடும் தளையாக இருத்தல் ஆகாது. வென்றவனும் தோற்றவனும் ஒருங்கே தோள் கொடுக்கும் நுகமாக இருத்தல் வேண்டும். இவ்வுண்மையை ஐரோப்பாக் கண்டம் மூன்று பெரும்போர்களின் குருதியைச் சிந்தியே கற்றுக்கொண்டது. அக்கதையை நாம் அறிதல் நலம்.

பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே ரைன் என்னும் பேராறு ஓடுகின்றது. அதன் கீழ்க்கரையிலே, ஜெர்மனியின் ரூர் பகுதியில், நிலத்தடியில் நிலக்கரி நிறைந்திருந்தது. பிரான்சின் எல்லையை ஒட்டிய லொரேன் பகுதியில் இரும்புத் தாது மலிந்திருந்தது. தாதை உருக்க நிலக்கரி வேண்டும். நிலக்கரியின் முழுப் பயனைப் பெறத் தாது வேண்டும். இயற்கை இவ்விரண்டையும் அண்டை வீடுகளில் வைத்தது. மனிதனோ இடையே எல்லைக்கோடு வரைந்தான். நிலக்கரி இன்றேல் எஃகு இல்லை. எஃகு இன்றேல் பீரங்கி இல்லை. ஆதலின் இரு பகுதிகளும் எவர் கையில் உள்ளனவோ அவரே வலியவர் என்னும் எண்ணம் இரு நாட்டு அரசர் நெஞ்சிலும் அமைச்சர் நெஞ்சிலும் வேரூன்றிவிட்டது.

1870ஆம் ஆண்டு மூண்ட போரில் பிரான்சு தோற்றது. 1871ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பிரெஞ்சு மன்னர்கள் வாழ்ந்த வெர்சேல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்திலேயே ஜெர்மானியப் பேரரசு பறைசாற்றப்பட்டது. அல்சேஸ் முழுவதும் போலும் பெரும்பகுதியும், லொரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனியின் வசமாயின. அந்த அவமதிப்பைப் பிரெஞ்சு மக்கள் மறக்கவில்லை. 1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. 1916ஆம் ஆண்டு வெர்தன் என்னும் ஓரிடத்தில் மட்டும் பத்துத் திங்கள் போர் நடந்தது. இரு தரப்பிலும் ஏறத்தாழ மூன்று இலட்சம் வீரர் மடிந்தனர். இறுதியில் ஜெர்மனி தோற்றது. 1919ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், அதே கண்ணாடி மண்டபத்தில், ஜெர்மானியத் தூதர்கள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். மண்டபம் ஒன்றே, தலைகுனிந்தவர் மட்டும் மாறினர்.

வெர்சேல்ஸ் உடன்படிக்கை தோற்றவனைக் கட்டியது, வென்றவனைக் கட்டவில்லை. ஜெர்மனி இழப்பீடு செலுத்த வேண்டும். நிலக்கரி அனுப்ப வேண்டும். சார் பகுதியின் சுரங்கங்களைப் பிரான்சுக்கு அளிக்க வேண்டும் என்று அது விதித்தது. இழப்பீட்டு நிலக்கரியும் மரமும் உரிய அளவில் வந்து சேரவில்லை என்று கூறி, 1923ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் பகுதிக்குள் படையை நடத்தின. சுரங்கத் தொழிலாளர் வேலை செய்ய மறுத்தனர். அவர்களைத் தாங்குவதற்கு ஜெர்மானிய அரசு தாளை அச்சடித்துப் பணமாக வழங்கியது. அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4,20,000 கோடி மார்க்கு கொடுக்க வேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த முதியவரின் சேமிப்பு ஒரு ரொட்டித் துண்டுக்கும் ஆகாமற் போயிற்று. படையால் நிலக்கரியை முழுமையாகப் பெறவும் இயலவில்லை. பகையோ பன்மடங்கு பெருகியது.

அக்காலத்தில் அமைதிக்கென்று அமைப்பே இல்லையா என்று வினவலாம். இருந்தது. 1920ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கிய சர்வதேச சங்கம் ஜெனீவா நகரில் இயங்கியது. ஆலந்து தீவுகளைப் பற்றிச் சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் எழுந்த வழக்கை அது 1921ஆம் ஆண்டு நன்முறையில் தீர்த்து வைத்தது. நாடிழந்த அகதிகளுக்குக் கடவுச்சீட்டு கிடைக்கச் செய்தது. இவை போற்றத்தக்க பணிகளே. எனினும், பெரிய வழக்குகளில் உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒருமனப்பட்டாலன்றி அது முடிவெடுத்தல் அரிது. அதனைத் தோற்றுவிக்க முன்னின்ற வில்சன் தலைவராயிருந்த அமெரிக்காவே அதிற் சேரவில்லை. ஜப்பானும் ஜெர்மனியும் 1933ஆம் ஆண்டு வெளியேற முடிவு செய்தன. 1935ஆம் ஆண்டு இத்தாலி அபிசீனியாவின்மேற் படையெடுத்தபோது, சங்கம் விதித்த பொருளாதாரத் தடைகளில் எண்ணெய் இடம்பெறவில்லை. எண்ணெய் கிடைத்ததால் படை தடையின்றி நடந்தது. மடையைக் காக்கும் ஆள் இருந்தான். ஆனால், மடை அவன் கையில் இல்லை.

விளைவை உலகம் அறியும். 1940ஆம் ஆண்டு பிரான்சு வீழ்ந்தது. 1918ஆம் ஆண்டு ஜெர்மானியர் போர் நிறுத்தத்திற் கையெழுத்திட்ட அதே இரயில் பெட்டியைத் தேடிக் கொணரச் செய்து, அதிலேயே பிரெஞ்சுக்காரரைக் கையெழுத்திடச் செய்தான் ஹிட்லர். 1945ஆம் ஆண்டு அவனும் அழிந்தான். 1870ஆம் ஆண்டு மெட்ஸ் நகரில் பிறந்த ஒருவர் எழுபத்தைந்து வயது வரை வாழ்ந்திருப்பின், தம் வீட்டை விட்டு ஓரடியும் நகராமலே நான்கு முறை நாடு மாறியிருப்பார்! பிரெஞ்சுக்காரராய்ப் பிறந்து, ஜெர்மானியராகி, மீண்டும் பிரெஞ்சுக்காரராகி, மறுபடியும் ஜெர்மானியராகி, முடிவிற் பிரெஞ்சுக்காரராய் மடிந்திருப்பார். கொடி மாறிய ஒவ்வொரு முறையும் எத்தனை தாய்மார் மக்களை இழந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரும் பழைய பிழையே முதலில் தலைகாட்டியது. ரூர் பகுதியின் நிலக்கரியையும் எஃகையும் பங்கிடுவதற்கென்று 1949ஆம் ஆண்டு ஓர் அனைத்துலக ஆணையம் நிறுவப்பட்டது. அது ஜெர்மனியின் சுரங்கங்களை மட்டுமே மேற்பார்த்தது. பிரான்சின் ஆலைகளை மேற்பார்க்கவில்லை. இத்தகைய ஏற்பாடு நெடுநாள் நில்லாது என்பதை உணர்ந்தவர் ஜான் மொனே என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் சர்வதேச சங்கத்தின் துணைப் பொதுச் செயலாளராகப் பணியாற்றி, அதன் குறைகளை உள்ளிருந்தே கண்டவர். தோற்றவனை என்றும் தாழ்த்தி வைத்தால் அவன் ஒருநாள் எழுவான். தன்னிச்சையாக விட்டால் வென்றவன் அஞ்சுவான். இரண்டிற்கும் மாற்றாக, இருவரும் ஒரே விதிக்கு உட்படுவதே வழி என்று அவர் தெளிந்தார்.

அவர் வகுத்த திட்டத்தைப் பிரெஞ்சு வெளிநாட்டு அமைச்சர் இராபர்ட் சூமன் 1950ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் பாரிசு நகரில் அறிவித்தார். பிரான்சு, ஜெர்மனி ஆகிய இரு நாடுகளின் நிலக்கரி, எஃகு உற்பத்தி முழுவதையும் ஒரு பொது ஆணையத்தின்கீழ்க் கொணர்தல் வேண்டும்; விரும்பும் பிற நாடுகளும் சேரலாம் என்பதே அதன் சாரம். படைக்கலத்தின் மூலப்பொருளே பொதுவாகிவிட்டால், ஒருவர் அறியாமல் மற்றவர் போருக்கு ஆயத்தம் செய்தல் எங்ஙனம் இயலும்?

இத்திட்டத்தை ஏற்று நின்ற தலைவர் மூவரும் எல்லைப்புறத்தின் துன்பத்தை அறிந்தவர்கள். சூமன் லக்சம்பர்க்கில் பிறந்து, ஜெர்மானியக் குடிமகனாய் வளர்ந்து, முதற்போருக்குப் பின் பிரெஞ்சுக் குடிமகனானவர். ஜெர்மனியின் அடினாவர், ரைன் ஆற்றங்கரையிலுள்ள கொலோன் நகரின் மேயராயிருந்து, நாஜிகளால் நீக்கப்பட்டுச் சிறையும் கண்டவர். இத்தாலியின் தெ காஸ்பெரி, ஆஸ்திரியப் பேரரசின்கீழ் இருந்த திரெந்தினோவில் பிறந்து, பாசிசுட்டு ஆட்சியிற் சிறைப்பட்டவர். பகைவன் என்று சொல்லப்பட்டவனின் மொழியை இளமையிலேயே பேசிப் பழகியவர்க்கு அவனும் மனிதனே என்பது எளிதில் விளங்கியது போலும்!

1951ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆம் நாள் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகம் பிறந்தது. அது வெறும் வாய்ச்சொல்லாய் நின்றுவிடவில்லை. லக்சம்பர்க் நகரில் ஒன்பது உறுப்பினர் கொண்ட உயர் ஆணையம் அமர்ந்தது. மொனே அதன் முதல் தலைவரானார். உறுப்பினர் எவரும் தம் நாட்டு அரசின் கட்டளையைப் பெறுதல் கூடாது என்பது விதி. நிலக்கரி, எஃகு உற்பத்தியின்மேல் நேராக வரி தண்டும் உரிமை ஆணையத்திற்கு இருந்தது. ஆதலின் அது எந்த அரசின் வாயிலிலும் கையேந்தி நிற்க வேண்டியதில்லை. ஆணையம் தவறு செய்யின் அதனை நீக்கும் ஆற்றல் ஒரு பேரவைக்கு இருந்தது. வழக்குத் தீர்க்க ஒரு நீதிமன்றமும் இருந்தது. 1953ஆம் ஆண்டு பிப்பிரவரியில் நிலக்கரிக்கும், மே திங்களில் எஃகுக்கும் பொதுச் சந்தை திறக்கப்பட்டது. ரூர் நிலக்கரி சுங்கம் இன்றி லொரேன் உலைகளுக்குச் சென்றது.

இவ்வமைப்பின் சிறப்பை ஒரு வழக்கே காட்டும். எஃகின் விலைப்பட்டியல் பற்றி உயர் ஆணையம் இட்ட ஆணையைப் பிரெஞ்சு அரசு ஏற்கவில்லை. 1923ஆம் ஆண்டாயின் படை புறப்பட்டிருக்கும். இப்பொழுதோ வழக்கறிஞர் புறப்பட்டனர். 1954ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆணையின் ஒரு பகுதி செல்லாது என்று கூறியது. ஆணையமும் அத்தீர்ப்புக்கு அடங்கியது. விலையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு வேறுபாட்டைப் பற்றிய அந்த வழக்கு, கேட்பவர்க்குச் சுவையற்றதாய்த் தோன்றலாம். அச்சுவையற்ற தன்மையே அதன் பெருமை. வெர்தன் களத்திற் பீரங்கி முழக்கம் கேட்ட செவிகளுக்கு வழக்கறிஞர் வாதம் எத்துணை இனிமையானது!

துன்பத்திலும் அவ்வமைப்பு துணை நின்றது. 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் பெல்ஜியத்திலுள்ள மார்சினெல் சுரங்கத்தில் தீப்பற்றியது. 262 தொழிலாளர் மாண்டனர். அவருள் 136 பேர் பிழைப்புத் தேடி வந்த இத்தாலியர். ஒரு நாட்டின் சுரங்கத்தில் மற்றொரு நாட்டின் மக்கள் மடிந்தனர். முன்னாளில் இத்தகைய செய்தி இரு நாட்டு மக்களிடையே கசப்பை மட்டுமே வளர்த்திருக்கும். இப்பொழுது அதனைத் தொடர்ந்து, சுரங்கப் பாதுகாப்புக்கென ஆறு நாடுகளுக்கும் பொதுவான ஓர் ஆணையம் 1957ஆம் ஆண்டு அமைந்தது. வேலை இழந்த சுரங்கத் தொழிலாளர் வேறு தொழில் பயிலவும், அவர்க்கு வீடு கட்டவும் சமூகத்தின் நிதி உதவியது. அமைதி என்பது அமைச்சர்களின் கைகுலுக்கலில் மட்டும் இல்லை. தொழிலாளியின் கூரையிலும் அடுப்பிலும் உள்ளது என்பதை இஃது உணர்த்தும்.

முன்னர்க் கூறிய சார் பகுதியின் வழக்கும் இக்காலத்திலேயே தீர்ந்தது. இரண்டாம் போருக்குப் பின் அது பிரான்சின் பொருளாதாரப் பிடியில் இருந்தது. 1955ஆம் ஆண்டு அம்மக்களின் கருத்து வாக்கெடுப்பால் அறியப்பட்டது. அவர்கள் முன்வைக்கப்பட்ட ஏற்பாட்டை ஏற்கவில்லை. பிரான்சு அம்முடிவை மதித்தது. 1957ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சார் மேற்கு ஜெர்மனியோடு இணைந்தது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். அமெரிக்கா 1948ஆம் ஆண்டு முதல் வழங்கிய மார்ஷல் உதவியும், சோவியத்து நாட்டின்மேற் கொண்ட அச்சமுமே அந்நாடுகளை ஒன்றாக்கின என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால், அச்சம் மனிதரைக் கூட்டுமேயன்றிக் கூடி வாழக் கற்பியாது. சோவியத்து ஒன்றியம் 1991ஆம் ஆண்டு கலைந்த பின்னரும் பிரான்சும் ஜெர்மனியும் மீண்டும் படைக்கலம் எடுக்கவில்லை. பொது அமைப்புக்கு உட்படுதல் நாட்டின் தன்னுரிமையை இழப்பதாகும் என்பர் வேறு சிலர். பிரிட்டன் 1950ஆம் ஆண்டு அழைப்பை மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். தன் முறை வரும் வரை காத்திருக்கும் உழவன் உரிமையை இழந்தவனா? அண்டை வயலானும் அவ்வாறே காத்திருக்கிறான் அல்லனோ! இருவரும் சமமாய் விட்டுக்கொடுப்பது அடிமைத்தனம் ஆகாது.

மூன்றாவது மறுப்பே வலியது. தம்முள் அமைதி கண்ட அந்நாடுகள் பிறரிடத்தும் அவ்வாறே நடந்தனவா? இல்லை. நிலக்கரிச் சமூகம் தழைத்த அதே காலத்தில், 1954 முதல் 1962 வரை, பிரான்சு அல்ஜீரியாவின் விடுதலையை ஒடுக்கப் போர் புரிந்தது. அண்டை வீட்டானைச் சமமாய் மதித்த கை, அடிமை நாட்டானைச் சமமாய் மதிக்க மறுத்தது. இது மறைக்கலாகாத கறை. ஆயினும் இக்கறையும் நம் கருத்தையே வலியுறுத்துகின்றது. எங்கே இரு திறத்தாரும் ஒரே விதிக்கு உட்பட்டனரோ, அங்கே அமைதி நிலைத்தது; எங்கே ஒருவர் மேல், ஒருவர் கீழ் என்றிருந்ததோ, அங்கே குருதி சிந்தியது.

இந்த அளவுகோலைக் கொண்டே ஐக்கிய நாடுகள் சபையையும் நாம் அளத்தல் தகும். 1945ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் 50 நாடுகள் கூடி அதன் சாசனத்தை வகுத்தன. இந்தியக் குழுவின் தலைவராய்ச் சென்று அதிற் கையெழுத்திட்டவர் சென்னை நன்கறிந்த ஆர்க்காடு இராமசாமி முதலியார். 1946ஆம் ஆண்டு அச்சபையின் பொருளாதார சமூக அவைக்கு முதல் தலைவராகவும் அவரே விளங்கினார். நோய் தடுத்தல், உணவு வளர்த்தல், அகதிகளைக் காத்தல் முதலிய துறைகளில் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் செய்துள்ள பணி பெரிது. ஆனால், பாதுகாப்பு அவையில் ஐந்து நாடுகளுக்கு மட்டும் தடுப்பு வாக்குரிமை உள்ளது. விதி பிறர்க்கே, நமக்கில்லை என்று வலியவர் எண்ணும் இடத்தில் அவ்வவை தளர்ந்து நிற்கின்றது. 2022ஆம் ஆண்டு உக்ரைன்மேல் இரஷ்யா படையெடுத்தபோது, கண்டனத் தீர்மானத்தை இரஷ்யாவின் ஒரு வாக்கே தடுத்துவிட்டது. போர் ஓய்ந்த நாடுகளை மீண்டும் கட்டியெழுப்ப உதவும் பொருட்டு 2005ஆம் ஆண்டு ஓர் ஆணையத்தை ஐக்கிய நாடுகள் நிறுவின. நன்று. ஆயினும் அறிவுரை கூறும் உரிமையே அதற்கு உண்டு. மடை அதன் கையில் இல்லை.

ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகத்தின் உடன்படிக்கை ஐம்பது ஆண்டுகளுக்கெனச் செய்யப்பட்டது. 2002ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அதன் காலம் முடிந்தது. அதற்குள் அது பெரிய குடும்பமாய்ப் பெருகிவிட்டது. 1957ஆம் ஆண்டு ரோம் உடன்படிக்கை வழியே பொருளாதாரச் சமூகம் பிறந்தது. அதுவே வளர்ந்து ஐரோப்பிய ஒன்றியமாயிற்று. பகைமை மாற்றி அமைதி வளர்த்த பணிக்காக அவ்வொன்றியத்திற்கு 2012ஆம் ஆண்டு நோபெல் அமைதிப் பரிசு வழங்கப்பட்டது. 1973ஆம் ஆண்டு சேர்ந்த பிரிட்டன் 2020ஆம் ஆண்டு விலகிச் சென்றது. அப்போதும் நடந்தவை பேச்சும் கணக்கும் கையெழுத்துமே. பிரிவதற்கும் முறை வகுத்திருப்பது நல்ல அமைப்பின் இலக்கணம் அன்றோ!

போர்வீரனுக்குச் சிலை உண்டு. பரணி பாடுவாரும் உண்டு. விலைப்பட்டியலைச் சரிபார்த்த எழுத்தருக்கும், சுரங்கத்தின் காற்றுவழியை ஆராய்ந்த அலுவலருக்கும் சிலை எடுப்பார் இலர். எனினும், ஆறு நாடுகளின் மைந்தர் தந்தையர் மடிந்த களத்தில் தாமும் மடியாமல் முதுமை எய்தினர் என்றால், அதில் இவர்களுக்கும் பங்குண்டு. இனி உலகில் எங்கே ஒரு போர் முடிந்தாலும், நாம் கேட்க வேண்டிய கேள்வி, "வென்றவர் யார்?" என்பது அன்று. "இவ்விருவரும் நாளைக் காலையில் சேர்ந்து செய்யப் போகும் வேலை யாது? அதற்குரிய விதிக்கு வென்றவரும் உட்படுவாரா?" என்று கேட்டல் வேண்டும். அதற்கு விடை கிடைத்த இடத்தில் அமைதி வேர்விடும். விடை இல்லாத இடத்தில், அடுத்த கோடை வரும் வரையில்தான் உறுதிமொழி நிற்கும்.